நீக்கப்பட்ட இரண்டு பதிவுகள்

வளைகுடாவுக்கு வருவதற்கு முன்பே நான் ஒரு நிலையில் இருந்தவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் உளவியல் முதுகலையில் முதலிடம் பெற்றேன். முனைவர் பட்டம் உளவியல் அளவீட்டில் வாங்கினேன். கோவையில் ஒரு கல்லூரியின் துறைத் தலைவராக இருந்தபோதுதான் அபுதாபியிலிருந்து அழைப்பு வந்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை. கீழே வருவது அளவீடு தொடர்பான ஒரு விவகாரம். அளவீடு தெரிந்தவன்தான் எழுதுகிறான் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும்.

அண்மையில், நான் ஓய்வு பெற்ற தொழில்நல நிலையத்தின் இளம் உளவியலாளர்கள் சிலர் என்னுடன் இணையவழியில் பேசினார்கள். தொழிலாளியின் முகத்தைக் கேமராவில் பார்த்து அவன் மனநிலையைச் சொல்லும் செயலிகளை நிறுவனங்கள் இப்போது வாங்குகின்றனவாம். முகத்தையும் வாயையும் நம்பாமல் மனநிலையை அளக்க நாங்கள் எப்படி முயன்றோம் என்று எழுதித் தரக் கேட்டார்கள். எழுதுகிறேன்.

நிலையத்தில் எனக்கு மேலதிகாரி டாக்டர் நெர்மின். துருக்கியர், என்னைவிட வயதில் சற்று இளையவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மேசையில் இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளையில் பால் சேர்க்காத தேநீர் எப்போதும் இருக்கும். பிடிக்காத ஒன்றைக் கேட்டால் மறுத்துப் பேசமாட்டார். குவளையைத் தட்டின் நடுவுக்கு மெல்ல நகர்த்துவார். நகர்ந்துவிட்டால் அந்த யோசனை முடிந்தது என்று பொருள்.

அவர் கையிலெடுத்த அளவுகோல் மேல்நாட்டில் உருவானது. "நீ மகிழ்ச்சியாக இருக்கிறாயா?" என்று அது கேட்காது. பொருளே இல்லாத, புதிதாகப் புனைந்த சில சொற்களை ஒலிக்கவிட்டு, "இந்தச் சொல்லைக் கேட்டால் மகிழ்ச்சி தோன்றுகிறதா? கோபம்? கலக்கம்?" என்று ஒவ்வோர் உணர்ச்சிக்கும் நான்கு நிலைகளில் பதில் கேட்கும். சொல்லுக்குப் பொருள் கிடையாது என்பதால், கேட்பவர் தம்மை அறியாமலே தம் மனநிலையை அதில் ஏற்றிவிடுகிறார். தொழிலாளர் முகாம்களில் இது எவ்வளவு தேவை என்பதை அங்கு வேலை செய்தவர்கள் அறிவார்கள். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் ஃபிட், அன்ஃபிட் என்ற இரண்டே முடிவுகளைக் கண்டு வந்தவர்கள் அவர்கள். வெள்ளைக் கோட்டு அணிந்தவர் எதைக் கேட்டாலும், "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பதே பதில்.

நெர்மின் முதலில் அதைத் துருக்கி மொழியினருக்காக அமைத்தார். அங்கே ஒரு துருக்கி ஒப்பந்த நிறுவனத்தின் வெல்டர்களும் இரும்பு கட்டுபவர்களும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். கணக்கும் பகுப்பாய்வும் என் பொறுப்பு. எனக்குத் துருக்கி தெரியாதது அதற்கு வசதியாகவே அமைந்தது. எந்தச் சொல்லிலும் எனக்குப் பற்று இல்லை. மேல்நாட்டுச் சொற்களை அப்படியே துருக்கி எழுத்தில் எழுதலாமே என்று ஒருவர் சொன்னபோது குவளை நகர்ந்தது. புனைந்த சொல் துருக்கியர் காதுக்குத் தம் மொழிச் சொல் போலவே விழ வேண்டும். அகராதியிலும் வட்டார வழக்கிலும் இருக்கக் கூடாது. நெர்மின் புனைந்தவற்றுள் பெரும்பகுதியை நெர்மினே கழித்தார். தேறியவற்றை வெவ்வேறு மாகாணத்து ஆட்களிடம் வாசித்துக் காட்டி, எதையாவது நினைவூட்டுகிறதா என்று கேட்டோம். ஒருவருக்கு நினைவூட்டினாலும் அந்தச் சொல் வெளியேறியது.

அந்த முகாமில் மூத்த தொழிலாளியை உஸ்தா என்பார்கள். நம் மேஸ்திரியைப் போல. உஸ்தா உட்காராமல் இளையவர் யாரும் உட்காரமாட்டார். உஸ்தா முதலில் உட்கார்ந்துவிட்டாலோ, அவர் என்ன சொன்னார் என்று கேட்டு மற்றவர்களும் அதையே சொல்வார்கள். நெர்மின் வாசலில் நல்ல நாற்காலி ஒன்றைப் போட்டு, "உங்கள் ஆட்களை ஒழுங்காக அனுப்பும் பொறுப்பை வேறு யாரிடமும் நான் கொடுக்க முடியாது" என்று உஸ்தாவிடம் சொன்னார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் தாம் வந்தார். மேலதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அளவுகோல் நிலையானதுதானா என்று அறிய, சிலரை அன்றைக்கே சில மணி நேரம் கழித்து மீண்டும் உட்கார வைத்தோம். ஒரே மனிதரின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே அந்த மாதங்களில் என் வேலையாக இருந்தது. இருவேறு மனிதர்கள் சராசரியில் ஒத்துப்போகலாம். சொல்லுக்குச் சொல் ஏறி இறங்கும் போக்கில் ஒத்துப்போவது அரிது. ஒரே மனிதரின் இரண்டு பதிவுகளுக்கு ஒரு சாயல் உண்டு. அதை நான் எளிதில் அடையாளம் காணப் பழகிவிட்டேன்.

துருக்கி வடிவம் ஏற்கப்பட்ட பிறகு, தமிழ் வடிவத்தை அமைக்கும் பொறுப்பை நெர்மின் என்னிடம் தந்தார். முறை அவருடையது, தமிழ் முழுவதும் என்னுடையது. 'தொகிமா', 'மெலுசி' போன்ற சொற்களைப் புனைந்தேன். துபாயின் தேராவில் மசாலாக் கடை வைத்திருந்த கீழக்கரைக்காரரிலிருந்து அல் ஐன் பண்ணையில் வேலை செய்த தர்மபுரிக்காரர் வரை, பல மாவட்டத்தாரிடமும் அவற்றைச் சோதித்தேன். உணர்ச்சிப் பெயர்களுக்கு முதலில் 'உவகை', 'ஊக்கம்', 'செயலறு நிலை' என்று எழுதியிருந்தேன். நெர்மினுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் முகாம் சமையல்காரரை அழைத்து அவற்றைப் படித்துக் காட்டச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்தார். குவளை நகர்ந்தது. 'சந்தோஷம்', 'தெம்பு', 'என்ன செய்றதுன்னு தெரியாத நிலை' என்று மாற்றினேன். மாற்றியவையே சரியானவை.

ஒலிப்பதிவுக்கு என் குரலைத் தர முன்வந்தேன். ஒரு சொல் கேட்டதுமே, "உங்கள் குரல் மதிப்பெண் போடுகிறது" என்றார் நெர்மின். நிலைய மருந்தகத்தில் பில் போடும் தமிழ்ப் பெண்ணின் குரலில் பதிந்தோம்.

தமிழ் வடிவத்தை முதலில் பயன்படுத்திய இடம், அல் ஐன் சாலையில் கட்டுமானப் பணி நடந்த ஒரு சைட். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தொழிலாளர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கோடையில் நண்பகல் வேளையில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற தடை உண்டு. அந்த ஓய்வு நேரத்தில், இரண்டு போர்ட்டா கேபின்களில் சோதனையை வைத்தோம். ஒன்றில் நான், மற்றொன்றில் ஒரு ஃபிலிப்பினோ செவிலியர். ஓய்வு போவதற்கு ஈடாக ஒரு மணி நேர ஓவர்டைம் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாசலில் டைம்கீப்பர் முன்னால் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே வர வேண்டும். அட்டை எண் எங்கள் கணினிக்கு வந்துவிடும். அட்டைக்குரியவர்தான் வருகிறாரா என்று பார்க்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது, எங்களுடையது அன்று.

பிற்பகல் ஓய்வு முடியும் தறுவாயில் என் கேபினுக்கு ஒருவர் வந்தார். வெயிலுக்குக் கழுத்தில் சுற்றிய துண்டு, முப்பதைத் தாண்டிய வயது, உட்காரும் முன்பே பேச்சு. சின்னராசு என்று திரை காட்டியது.

முதல் சொல் ஒலித்ததும், "ஐயா, இது எந்த ஊரு பாஷை?" என்றார்.

"எந்த ஊரும் இல்ல. கேட்டா என்ன தோணுதோ அதச் சொல்லுங்க."

"எங்க ஃபோர்மேன் திட்டுறதும் இப்பிடித்தான்யா இருக்கும். அர்த்தம் மாஃபி, கோவம் மட்டும் ஃபுல்லு."

சோதனையின்போது நடத்துபவர் சிரிக்கக் கூடாது என்பது நெர்மினின் விதி. நான் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேடிக்கை சொன்னார். வேடிக்கைக்கு நடுவே பதிலையும் சொன்னார். சந்தோஷம், "இல்லவே இல்ல." தெம்பு, "இல்லவே இல்ல." கலக்கம், "ரொம்ப." சிரித்த முகத்தோடு கடைசிச் சொல் வரை அப்படியே சொன்னார்.

நிலையத்துக்குத் திரும்பிப் பகுத்தபோது, இரண்டு பதிவுகள் மற்ற எல்லாவற்றையும் விட்டுத் தொலைவில் நின்றன. ஒன்று, சாரம் கட்டும் சின்னராசு. மற்றொன்று, அதே குழுவில் அதே வேலை செய்யும் வேல்முருகன்; செவிலியரின் கேபினில் உட்கார்ந்தவர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். துருக்கி வடிவத்தில் ஒரே மனிதரை இருமுறை உட்கார வைத்தபோது கண்ட அதே சாயல். அப்போதே எனக்கு ஐயம் வந்தது.

இந்த அளவுகோல் குழுக்களுக்கானது. தனி ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உருவானதன்று. ஆயினும் பதிவு இவ்வளவு விலகி நின்றால், உளவியலாளர் அவரிடம் நேரில் பேச வேண்டும், நிறுவனத்துக்குச் சொல்லக் கூடாது என்று நெர்மின் வகுத்திருந்தார். சிக்கல் என்னவென்றால், சைட்டிலிருந்து ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தாலே விஷயம் வெளியே தெரிந்துவிடும். தெரிந்தது. இருவரையும் அனுப்பச் சொன்ன உடனே, மனிதவள மேலாளர் ஸ்ரீதரன் என்னை எதிர்கொண்டார். சென்னைக்காரர், குடும்பத்தோடு துபாயில் வசித்தவர்.

"வேல்முருகனா? சார், அவன்தான் எங்க கேம்ப்போட என்டர்டெயின்மென்ட் டிபார்ட்மென்ட். அவன் பேரு உங்க லிஸ்ட்ல வந்தா உங்க மெஷின்லதான் கோளாறு. ஆனா சின்னராசு கரெக்ட். பேசவே மாட்டான். போன மாசம் ஒரு நாள் சொல்லாம டியூட்டிக்கே வரல."

"நான் பேசத்தான் கூப்பிட்டேன். யாரைப் பத்தியும் எதுவும் சொல்லல."

"நீங்க சொல்ல வேண்டாம் சார், புரிஞ்சுடுத்து. பன்னண்டாவது மாடியில சாரம் கட்டறவன். ஒருத்தன் விழுந்தா ஆன்சர் பண்ண வேண்டியது நான். வியாழக்கிழமை கேன்சல் பேப்பர் போட்டுடறேன்."

அவரைத் தவறாகச் சொல்லமாட்டேன். பக்கத்து சைட்டில் ஒருவர் விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். ஆனால் கேன்சல் என்றால் சின்னராசுவின் விசா ரத்தாகும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அன்று கேபினுக்கு வந்த சின்னராசுவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள இளைஞர். பெரம்பலூர்ப் பக்கம்.

"சின்னராசு நீங்கதானா?"

"ஆமாங்கய்யா."

"அன்னைக்கு எங்கிட்ட வந்து உக்காந்தீங்களா?"

கதவைப் பார்த்தார். "எல்லாரும் வந்தாங்கல்லங்கய்யா."

"என்ன சத்தம் கேட்டுச்சு, சொல்லுங்க."

"ஏதோ கேட்டுச்சுங்கய்யா." கொஞ்ச நேரம் துண்டின் நுனியை முறுக்கினார். "ஊருக்கு அனுப்புறதுன்னா என்னைய அனுப்பிருங்கய்யா. வேற யாரையும் இதுல இழுக்காதீங்க."

"யாரை இழுக்கிறேன்னு நினைக்கிறீங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் எழுந்து போன பிறகு, அவருக்காக உட்கார்ந்தவர் வேல்முருகன்தான் என்பதில் எனக்கு ஐயம் எதுவும் மிஞ்சவில்லை.

முகாம் வாழ்க்கை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் போய் நிற்பது அங்கே வழக்கம். தண்ணீர் பிடிக்க, சமையல் முறைக்கு, பணம் அனுப்பும் வரிசைக்கு, சில சமயம் வருகைப் பதிவுக்கும் கூட. அதை யாரும் ஏமாற்று என்று எண்ணுவதில்லை. முடியாதவனுக்கு முடிந்தவன் செய்வது. மனநிலையை அளக்கும் சோதனைக்கும் அப்படியே ஆள் மாறி வந்து உட்காருவார்கள் என்று எந்தப் பாடநூலிலும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் நண்பகல், நான் மறுபடி சொல்லி அனுப்பும் முன்பே வேல்முருகன் வந்தார்; அன்று சின்னராசுவின் பெயரில் என் முன் உட்கார்ந்த அதே ஆள். புதுக்கோட்டை மாவட்டத்தவர்.

"உக்காரலாமாய்யா, இல்ல இதுக்கும் கார்டு தேய்க்கணுமா?"

"உக்காருங்க."

"ரெண்டும் நாந்தாங்கய்யா. அவனுக்கு அன்னைக்கு முதுகு புடிச்சுக்கிட்டு எந்திரிக்க முடியல. ஓவர்டைம் போயிருமேன்னு கார்ட வாங்கிட்டு வந்தேன். வாயில வந்ததச் சொல்லிட்டுப் போயிரலாம்னு பாத்தேன்."

"வாயில வந்தது ரெண்டு தடவையும் ஒண்ணாவே வந்திருக்கு."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பிடியா வந்துச்சு?"

அவரே சொன்னார். அந்த நிறுவனத்தில் விடுமுறை முறை வைத்து வரும். இருவர் ஒப்புக்கொண்டால் முறையை மாற்றிக்கொள்ளலாம். வேல்முருகனின் முறை வந்தபோது, சின்னராசுவின் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வேல்முருகன் தம் முறையை விட்டுக்கொடுத்தார். சின்னராசு ஊரில் இருந்த அந்த மாதத்தில் வேல்முருகனின் தாயார் இறந்துபோனார். முறையைக் கொடுத்துவிட்டதால் இவரால் போக முடியவில்லை.

"ஃபோன்லதான்யா பாத்தேன். நெட்டு நின்னு நின்னு வந்துச்சு. கொள்ளி வைக்கிற நேரத்துக்குச் சுத்தமா நின்னுபோச்சு."

"சின்னராசுகிட்ட பேசினீங்களா?"

"என்னத்தப் பேச? எம் மூஞ்சி வாடுனா அவன் செத்துருவான்யா. தங்கச்சி கல்யாணத்துக்குப் போனவன், எழவு வீட்டுக்குக் கடன்பட்ட மாதிரி நிக்கிறான். அதான் ரூம்ல நான் வாய மூடுறதே இல்ல." எழுந்தார். "இப்ப என்னால அவன் கேன்சல் ஆவக் கூடாது. ஸ்ரீதரன் சார்கிட்ட நானே போய்ச் சொல்லிர்றேன். கலாஸ், அத்தோட முடிஞ்சுது."

அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மற்றொருவர் அட்டையைத் தேய்த்ததற்கு அவர் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தார். இரண்டாம் முறை என்றால் கேன்சல். சொல்லாவிட்டால் சின்னராசு போக வேண்டும். சொன்னால் இவர் போக வேண்டும். இரண்டு நாள் பொறுக்கும்படி சொன்னேன். அதுவரை மேலே ஏற வேண்டாம் என்றும் சொன்னேன். எங்கள் நிலைய மருத்துவரிடம் அன்றே அவரைக் காட்டினேன். அவர் ஒப்புதலோடு, அவரைத் தரைப் பணிக்கு மாற்ற மருத்துவர் எழுதித் தந்தார்; காரணம் என்ற இடத்தில் 'மருத்துவ ஓய்வு' என்பதற்குமேல் எதுவும் இல்லை.

நெர்மினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேநீர் ஆறிப்போகும் வரை கேட்டார்.

"எந்தப் பதிவு யாருடையது என்று நமக்கு உறுதியாகத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"உங்களை நம்பி ஒருவர் சொன்னதால் உங்களுக்குத் தெரியும். அதை அறிக்கையில் எழுத முடியாது. அறிக்கையில் எழுதக்கூடியது, அட்டையும் ஆளும் ஒன்றுதான் என்று நாம் சரிபார்க்கவில்லை என்பது மட்டுமே. சரிபார்க்காத பதிவை நீக்கலாம்."

"அந்தக் காரணத்தை நிறுவனத்துக்கு எழுதினால், யார் யாருடைய அட்டையைத் தேய்த்தார் என்று தேடுவார்கள். காரணத்தைச் சொல்லாமல் இரண்டு பதிவுகளை நீக்கினால், தமிழ் வடிவத்தில் குறை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதன்மேல் இருப்பது என் பெயர்."

"ஆம்" என்றார். பிறகு, "கையெழுத்து உங்களுடையது. முடிவும் உங்களுடையது" என்றார். குவளை அசையவில்லை.

அன்றிரவு நான் நன்றாக உறங்கினேன் என்று சொன்னால் அது பொய். எனக்குப் பெயரைத் தவிரப் பெரிய சொத்து எதுவும் இருந்ததில்லை. மறுநாள் காலை நிறுவனத்துக்கான கடிதத்தை நானே எழுதினேன்: நடைமுறைக் காரணத்தால் இரண்டு பதிவுகள் நீக்கப்படுகின்றன, அவற்றைக் கொண்டு எந்தத் தொழிலாளியைப் பற்றியும் எந்த முடிவுக்கும் வர இயலாது. கீழே முழுப் பெயரையும் பட்டத்தையும் இட்டுக் கையெழுத்திட்டேன். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஸ்ரீதரன் இரண்டு முறை படித்தார். "நடைமுறைக் காரணம்னா என்ன சார்?"

"அதுக்கு மேல சொல்றதுக்கில்ல."

"அப்போ டெஸ்ட் ஃபெயில்னு அர்த்தம். எங்க மேனேஜ்மென்ட்டுக்கு அப்படியே எழுதிடட்டுமா?"

"நீங்க எப்படி எழுதினாலும் சின்னராசு பேரு அதுல வரக் கூடாது."

"ஃபெயில் ஆன டெஸ்ட்ட வெச்சு யார நான் அனுப்பறது? வராது." பேனாவை எடுத்தார். "ஃபெயில்னே போட்டுக்கறேன்."

"போட்டுக்கோங்க" என்றேன்.

கேன்சல் பேப்பர் போகவில்லை. வேல்முருகன் சில வாரம் ஸ்டோரில் வேலை பார்த்தார். வாரம் ஒருமுறை என்னிடம் வந்தார். சின்னராசுவிடம் மனம்விட்டுப் பேசும்படி நான் சொல்லியிருந்தேன். ஒரு நாள், "பேசிட்டேன்யா. ரெண்டு பேரும் அன்னைக்குச் சாப்புடல. மறுநாள் அவன் மீன் கொழம்பு வச்சான், வாயில வைக்க முடியல, அதையும் சொல்லிட்டேன்" என்றார். விடுமுறையை முன்கூட்டியே பெற்று ஊருக்குப் போனார். பிறகு திரும்பி வந்து, ஒப்பந்தம் முடியும் வரை அதே நிறுவனத்தில் இருந்தார். சின்னராசு அவருக்குப் பின்னும் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஓமானின் சலாலாவுக்கு மாறிப் போனார்.

அதன்பின் நடைமுறையை நான் இரண்டு இடங்களில் திருத்தினேன். அட்டையை நாங்களே முகம் பார்த்துச் சரிபார்த்தோம். நேர்ப் பேச்சுக்கு ஓரிருவரை மட்டும் அழைக்காமல், ஒரு குழு முழுவதையும் ஒவ்வொருவராக அழைத்தோம். யாருக்காக அழைக்கிறோம் என்பது அதன்பின் எந்த மேலாளருக்கும் தெரியவில்லை. துருக்கி வடிவத்துக்கும் நெர்மின் அதே திருத்தங்களைச் சேர்த்தார்.

இப்போது இருவரும் வளைகுடாவை விட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். எழுதலாமா என்று தொலைபேசியில் இருவரிடமும் கேட்டேன். பெயரை மாற்றினால் போதும் என்றார்கள். நிலையத்தின் ஆண்டு மலரில், எனக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்த ஒருவர், தமிழ் வடிவம் நலமாக இருந்த ஒரு தொழிலாளியை நோயாளி என்று காட்டியதால் திரும்பப் பெறப்பட்டது என்று எழுதியிருக்கிறார். பின்னர் நடந்த ஒரு கருத்தரங்கிலும் அதுவே சொல்லப்பட்டது. நான் அங்கே இருந்தேன், மறுத்துப் பேசவில்லை, அன்று பேச எனக்கு உரிமை இல்லை.

இன்று மறுக்கிறேன். தமிழ் வடிவம் எந்தக் காலத்திலும் திரும்பப் பெறப்படவில்லை. இரண்டு பதிவுகள் மட்டும் நீக்கப்பட்டன. அவை இரண்டும் ஒரே மனிதருடையவை, இரண்டும் சரியானவை.